முதலிலிருந்து ஒரு மணி

எங்கள் வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிடாது. மாதம் ஒருமுறை கீல்களுக்கு நானே எண்ணெய் விடுவேன். ஒழுங்கு அங்கேதான் தொடங்குகிறது.

மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். தப்பு செய்தால் சாமான் அறையில் ஒரு மணி நேரம். உள்ளிருந்து தட்டினால் அந்த மணி முதலிலிருந்து தொடங்கும். ஐந்து வயதில் நாலு முறை தட்டினாள். ஏழு வயதில் தட்டவே இல்லை. உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்திருக்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் இரண்டாவது படிப்பையும் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றாள். அவளுடைய ஆசிரியை என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

"சின்ன வயசுல ரொம்பப் பயந்த பிள்ளைங்க சிலர், பெரிசானதும் எதையும் பிடிச்சு நிக்க முடியாமத் தவிப்பாங்க சார். வீட்ல ஏதாவது..."

"எங்க வீட்டுப் பிள்ளைங்க அப்படி இல்லைங்க" என்று எழுந்துவிட்டேன். எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

மகள் சித்தி வீட்டுக்குப் போய்த் தையல் கற்கப்போவதாகச் சொன்னாள். ஒரு மணி நேரம் நின்று காட்டு, பிறகு உன் இஷ்டம் என்றேன்.

நான் மீன் பதப்படுத்தும் கூடத்தில் மேற்பார்வையாளர். விடுமுறை நாளில் அங்கே அழைத்துப்போய்க் குளிரறைக்குள் நிற்கச் சொன்னேன். குளிரறைக் கதவு அரையடி கனம். "மாமியாரை உள்ள வச்சுப் பூட்டினாக்கூட ஒரு சத்தம் வெளிய வராது" என்று ஆட்கள் சிரிப்பார்கள். உள்பக்கக் கைப்பிடி கழன்று ஒரு வாரமாகியிருந்தது.

"முடியலைன்னா தட்டு. திறந்துடறேன்."

"தட்டினா மறுபடியும் முதல்லேர்ந்தாப்பா?"

"பழசையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கியே, கழுதை" என்றேன். அவளும் சிரித்தாள்.

வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி முடிந்தது. சத்தமே இல்லை. நெஞ்சு நிமிர்ந்தது. விட்ட முதல் படிப்புக்காக ஒரு மணி சேர்த்தேன். இரண்டாவதற்கு இன்னொன்று.

திறந்தபோது கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணிமையில் பனி.

பூட்டியது நான்தான். திறக்காததும் நான்தான். மறுக்கவில்லை. இந்தக் காவல் நிலையத்தில் யாராவது கதவைத் தட்டினால் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். கைமுட்டிகளில் தோல் உரிந்து எலும்பு தெரிந்ததாக பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் எழுதியிருக்கிறார். மீன் பெட்டி உரசியிருக்கும். என் மகள் தட்டவில்லை.