சிங்கம் இறங்கிய கேடயம்

நிலத்தடி நீரின் நெறியறிந்த நுண்ணறிவே! கடிந்துரைக்கும்போதும் கனிவு குறையாத கருணையே! இருபத்தைந்து ஆண்டுகளாகப் பரமட்டா வளாகத்தில் மாணவர் மனங்களில் ஊற்றுத் தோண்டிய பேராசிரியர் யோகா அம்மையீர், வணக்கம்! புகழை நீட்டி முழக்கினால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே, இன்று அளிக்கும் கேடயச் சின்னத்தின் கதையை மட்டும் அவையோருக்குச் சொல்கிறோம்.

அவையோரே, ஓய்வு பெறுபவருக்குத் தனிக் கேடயச் சின்னம் வரைந்தளிப்பது எங்கள் துறை வழக்கம். இம்முறை பொறுப்பேற்றவர் சேலத்துக்காரர் வெங்கட்ராமன். அம்மையாரிடம் ஆய்வு செய்து, அடுத்த அறையில் அமர்ந்து, அவர் கொண்டுவரும் சாப்பாட்டில் பாதியைத் தின்றே தொப்பை வளர்த்தவர். நீல அலை அம்மையார் தேடிய நீருக்கு, கறுப்புக் கீற்று அவர் துளைத்த பாறைக்கு என்று பார்த்துப் பார்த்து வரைவித்தார். கேடயத்தைத் தாங்க ஒரு விலங்கு வேண்டுமே? வீரத்துக்கு இதைவிட வேறென்ன என்று, வாளேந்திய பொன்னிறச் சிங்கத்தை நிறுத்திவிட்டார்!

படத்தைக் கண்ட அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் அவர். அந்நாட்டுக் கொடியில் நிற்பதும் வாளேந்திய சிங்கமே என்பது அப்போதுதான் வெங்கட்ராமனுக்கு உறைத்தது. முகம் பேயறைந்தது போலாயிற்று.

"தம்பி, இதை என்ரை வீட்டுச் சுவரிலை கொழுவ ஏலாது. இதுக்குக் கீழை இருந்து நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

"மன்னிச்சிடுங்க மேடம்! புலியா மாத்திடச் சொல்றேன்."

"ஐயோ, புலியும் வேண்டாமப்பா! ரெண்டுக்கும் நடுவிலை நிண்டு களைச்சுத்தான் இஞ்சை வந்தனான்."

அதன்பின் வெங்கட்ராமன் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தார். பிரியும் நேரத்தில் இப்படி நோகடித்துவிட்டோமே, இனி எந்தச் சின்னத்தைக் கொடுத்தாலும் மனமொப்பி வாங்குவாரா என்று மறுகினார். மனிதர் சாப்பாட்டையே மறந்தார் என்றால் பாருங்கள்! கடைசியில் அம்மையாரே தேடிப் போனார்.

"இஞ்சை மரங்களிலை திரியிற பொசம் ஒண்டைக் கீறச் சொல்லும், தம்பி. என்னை வில்லாவுட் தடுப்பு முகாமிலை வைச்சிருக்கேக்கை கூரைக்குள்ளை ஒண்டு குட்டியோடை இருந்தது. அதை அந்த வளவை விட்டுக் கலைக்கச் சட்டம் விடாதெண்டு காவலாளி சொன்னவன். திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ எண்டு பயந்திருந்த எனக்கு அதிலை சரியான பொறாமை."

வெங்கட்ராமன் அங்கேயே அழுதுவிட்டார். அவருக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தவரும் அம்மையார்தான்.

அம்மையீர்! பூனையளவுள்ள அந்தப் பிராணி, முதுகில் குட்டியோடு, இதோ தங்கள் கேடயத்தைப் பற்றி நிற்கிறது. மனமுவந்து வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். உடல்நலமும் உள்ள நிறைவும் குன்றாமல் நெடுங்காலம் வாழுங்கள். தங்கள் அறையை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. நினைத்தபோதெல்லாம் வாருங்கள், இந்த வளவை விட்டுத் தங்களைக் கலைக்க எந்தச் சட்டத்தையும் நாங்கள் விடமாட்டோம்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
நிலத்தடி நீரியல் துறையினர்
பரமட்டா