கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணீர் விடுகிறவர்களுக்கு

இந்த இரங்கல் கூட்ட மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, அதிகாரிகளே, முன்வரிசையில் அழுது முகம் வீங்கி அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, என்னோடு வேலை பார்க்கும் தோழர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நீங்கள் "இந்த அலுவலகத்தின் தாய்" என்றீர்கள். "பொறுமையின் வடிவம்" என்றீர்கள். பொறுமையா? நாமெல்லாம் கேபிள் அக்கா என்று கூப்பிட்டவருக்கா? யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் ஐயா? அவர் எங்கள் தலைமைப் பொறியாளர். இந்தக் கட்டடத்தின் கணினிகளெல்லாம் நம்பி ஓடுகிற சர்வர் அறையை உருவாக்கியவர். தலைமைப் பொறியாளர் என்ற சொல்லை உங்களில் ஒருவர்கூட வாயில் எடுக்கவில்லையே, ஏன்?

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது பெண்களுக்கு அந்த அறைக்குள் அனுமதி கிடையாது. "உள்ள ரொம்பக் குளிரும்மா, வெளியவே உக்காந்து ரிப்போர்ட் அடிங்க" என்றார்களாம். அக்கா கேட்டார்: "குளிருதுன்னா கோட்டு குடுங்க சார். வேலைய ஏன் புடுங்குறீங்க?" கொடுத்தார்கள். அந்தக் கோட்டுக்குள் அக்காவைப் போல இரண்டு பேர் நுழையலாம், அவ்வளவு பெரிது. ஆண்கள் அளவைத் தவிர வேறு அளவு வாங்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் அதை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு கேபிள் இழுக்க ஏணியில் ஏறினார்.

பின்னாளில், புதிதாக வந்த பெண் ஒருத்தி தவறான கேபிளை உருவிவிட்டாள். பாதி அலுவலகம் ஸ்தம்பித்தது. "இதுக்குத்தான் பொம்பளைங்கள உள்ள விடக்கூடாதுங்கிறது" என்று ஒருவர் முணுமுணுத்தார். அக்கா நிதானமாகத் திரும்பினார். "போன மாசம் நீ உருவினப்ப, ஆம்பளைங்கள விடக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா தம்பி?" அந்தத் தம்பி இப்போது தலையைக் குனிந்துகொண்டு இங்கேதான் இருக்கிறார்.

அக்கா போய் இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. நேற்றுக் காலை, அவர் பழக்கிய இரண்டு பெண்களும் சர்வர் அறை வாசலில் நுழைவு அட்டையைக் காட்டினார்கள். கதவு திறக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு மேலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "அவங்க இருந்தவரைக்கும் சரி. இனிமே யாரும்மா பொறுப்பு? உங்க பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

யாரிடமிருந்து பாதுகாப்பு? உள்ளே இருப்பவை இயந்திரங்கள். அந்த அறையில் வேலை பார்க்காதவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று விதி வைத்திருப்பதும் இதே அலுவலகம்தானே? "போதும்க்கா, நான் வேற வேல பாத்துக்குறேன்" என்று என்னிடம் சொல்கிறாள் அவர்களில் ஒருத்தி. நேற்றுக் கதவைப் பூட்டிவிட்டு, இன்று கைக்குட்டையோடு மேடையேற உங்களுக்கு எப்படி ஐயா மனசு வந்தது?

அடுத்து மௌன அஞ்சலி என்று அறிவித்திருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், எங்களால் மௌனமாக இருக்க முடியாது. அக்கா விட்டுச்சென்ற வேலையை நாங்கள் செய்வோம். நாளைக்கு இல்லை, இப்போதே. கடைசி வரிசையில் இருக்கும் பெண்களே, எழுந்திருங்கள். மாடிக்கு, சர்வர் அறைக்குப் போவோம். எல்லோரும் வாருங்கள்.

மேலாளர் அவர்களே, நீங்கள் முன்னால் நடங்கள். உங்கள் அட்டைக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.