அழகேசனிடம் கேட்ட ஏழு கேள்விகள்

நான் இதுவரை ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை, மேடம். அழகேசனும் பார்த்ததில்லை. ஆனால் லூ கெரிக் விடாமல் இரண்டாயிரத்து நூற்று முப்பது ஆட்டம் ஆடியவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். முதல் விசாரணையில் விட்டுப்போனதையும் சேர்த்து, இந்த முறை நானே என் கையால் எழுதித் தருகிறேன்.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு பழைய சாமான் கடையில் அழகேசன் ஒரு பெட்டி நிறைய விளையாட்டுப் பட அட்டைகளை வாங்கினான். அந்தக் காலத்து அமெரிக்க விளையாட்டுக்காரர்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம். இங்கிலீஷ் படிக்கப்போகிறேன் என்று ஆரம்பித்து இருநூறு அட்டையையும் மனப்பாடம் செய்துவிட்டான். துவாஸ் தொழிலாளர் விடுதியில் அவன் மேல் கட்டில், நான் கீழ்க் கட்டில். நானும் படித்தேன், வேறென்ன செய்ய.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா திடலில் அட்டைகளை வைத்து எங்களுக்குள் கேள்வி-பதில் போட்டி நடக்கும். கப்பல் பட்டறைப் பசங்க சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். எட்டு வருடத்தில் ஒரு வாரம்கூட நான் ஜெயித்ததில்லை. "பாலகிருஷ்ணன் டியூப்லைட்டுடா, எரியும், ஆனா லேட்டா எரியும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கெட்ட எண்ணத்தில் சொல்கிறவன் இல்லை அவன். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கப்பலின் அடித்தொட்டிக்குள் ஒருவன் இறங்கி வேலை செய்தால், வாசலில் ஒருவன் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாக்கிடாக்கியில் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவன் ஓகே என்பான், வாசலில் இருப்பவன் தாளில் எழுதுவான். போன வருடம் எங்களோடு வேலை செய்யும் இப்ராஹீம் உள்ளே இருந்து ஓகே ஓகே என்று சொல்லிக்கொண்டே மயங்கி விழுந்தார். பிழைத்தது அவர் செய்த புண்ணியம். ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் புத்திதான் மந்தமாகும், வாய் பழக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் என்று அதன்பிறகு வகுப்பெடுத்தார்கள். அன்றைக்கே அழகேசன் ஒரு வழி கண்டுபிடித்தான்.

"ஓகேவான்னு கேக்காத மாப்ள. அட்டையிலருந்து ஒரு கேள்வி கேளு. நான் தப்பா சொன்னா புத்தி கலங்கிருச்சுன்னு அர்த்தம். யோசிக்காம ஹாரன் அடிச்சு என்னைய மேல தூக்கிரு."

நல்ல வழிதான். நான் உள்ளே இறங்கும் நாளில் அவன் கேட்பான். இரண்டு முறை நான் பதில் மறந்து உளறினேன். இரண்டு முறையும் ஹாரன் அடித்து, ஆள் சேர்த்து, கயிற்றில் என்னை இழுத்துப் போட்டுவிட்டான். காற்று நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வெறும் மறதி. கேன்டீனில் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை, அவன் உள்ளே, நான் வாசலில். பதினொரு மணிக்கு எல்லாம் சரி. பதினொன்று பத்துக்கு, பேஸ்கட்பாலில் வில்ட் சேம்பர்லைன் ஒரே ஆட்டத்தில் நூறு பாயிண்ட் எடுத்தது எந்த ஊரில் என்று கேட்டேன். சரியான பதில் ஹெர்ஷி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.  அன்றைக்கு "நியூயார்க்" என்றான்.

ஹாரன் என் மடியில் இருந்தது. விளையாடுகிறான் என்று நினைத்தேன் என்று உங்களிடம் முன்பு சொன்னேன். அது பொய். விளையாட்டுக்குக்கூட அவன் தப்புப் பதில் சொல்ல மாட்டான். எட்டு வருடத்தில் முதல்முறையாக அவனுக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இல்லை, மேடம். அடுத்ததைச் சரியாகச் சொல்லிவிடுவானோ என்ற பயம்.

பில் ரஸல் எத்தனை முறை சாம்பியன் என்று கேட்டேன். "ஏழு" என்றான். சரியான பதில் பதினொன்று. ஜாக்கி ராபின்சன் சட்டையில் என்ன நம்பர் என்று கேட்டேன். சிரித்தான், ஏதோ தெருப் பெயரைச் சொன்னான். நாலாவதும் தப்பு, ஐந்தாவதும் தப்பு. குரல் குழறிக்கொண்டே போனது. தாளில் பதினொன்று பத்துக்கு நேரே ஓகே என்று எழுதினேன். இருபதுக்கும் எழுதினேன்.

ஆறாவதுக்குப் பதில் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. பிறகு, "மாப்ள, பயமா இருக்குடா. கால் வரமாட்டேங்குது. மேல எடு" என்றான். அவன் பயந்து பேசி நான் கேட்டதே இல்லை. இப்போது கீழ்க் கட்டிலில் படுக்க முடியவில்லை, மேலே இருந்து அந்தக் குரல் வருகிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டை நனைகிற அளவுக்கு வேர்க்கிறது.

"இது ஒண்ணுக்கு மட்டும் சொல்லிரு, எடுத்துடுறேன்" என்றேன். ஏழாவதைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஹாரன் அடித்தபோது மணி பதினொன்று இருபத்தெட்டு.

தொட்டிக்குள் காற்று அனுப்பும் குழாய் மடங்கிக் கிடந்ததை அப்புறம்தான் கண்டுபிடித்தார்கள். அதை மடக்கியது நான் இல்லை. அவன் மனைவி ரஞ்சிதம் அறந்தாங்கியிலிருந்து தினமும் போன் செய்கிறாள். "கடைசியா உங்ககிட்டதானண்ணே பேசினாரு, என்ன சொன்னாரு?" என்கிறாள். பிள்ளையைப் பற்றிச் சொன்னான் என்றேன். அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னாள்.  அதனால்தான் நானாகவே உங்களிடம் வந்தேன்.

பதினெட்டு நிமிடம் தெரிந்தேதான் ஹாரனைத் தொடாமல் இருந்தேன். முதல் தப்புக்கே அடித்திருந்தால் அழகேசன் இருந்திருப்பான். அவனைக் கொன்றது நான்தான், இதில் மாற்றம் இல்லை. ஒன்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பேஸ்கட்பாலில் ஒரு அணிக்குக் களத்தில் எத்தனை பேர் என்பதுதான் ஏழாவது கேள்வி. அவன் பயந்துபோயிருந்தானே என்று, இருப்பதிலேயே சுலபமானதாகப் பார்த்துத்தான் கேட்டேன்.