பிரேக் பிடித்தது

என் பெயரும் தந்தையின் பெயரும் தனித்தாளில் குறித்துக்கொள்ளப்பட்டன. எனக்கு வயது இருபத்தாறு. ஒரு தனியார் பள்ளியில் நூலகராக வேலை செய்கிறேன். மருந்துக்கடைக்கு மேலுள்ள இரண்டாம் மாடி வீட்டில் தந்தையுடன் வசிக்கிறேன். தாய் இல்லை. என் அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள், திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், ஆண்டுக்கு இரண்டு முறை வருவாள். யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் காரை மூன்று ஆண்டுகளாக நான்தான் ஓட்டி வருகிறேன். தந்தையை மருத்துவரிடமும் வங்கிக்கும் அதில்தான் அழைத்துப் போவேன். அவர் பின் இருக்கையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அக்கா ஓட்டினால் முன் இருக்கையில் உட்காருவார். அவளை அவர் பைலட் என்று கூப்பிடுவார். என்னைச் சின்னது என்பார்.

போன வெள்ளிக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே காரின் இன்ஜின் நின்றுவிட்டது. அன்று மாலை, வழக்கமாக எங்கள் காரைப் பார்க்கும் மெக்கானிக் வந்து, டைமிங் பெல்ட் அறுந்துவிட்டதாகவும் இங்கே வைத்துச் செய்ய முடியாது, பட்டறைக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். இழுவை வண்டி திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்றார். அக்கா அப்போது தன் சிறிய காருடன் வந்திருந்தாள். அவள் ஞாயிறு மாலை கிளம்புவதாக இருந்ததால், அவள் இருக்கும்போதே அவள் காரில் கட்டி இழுத்துப் போய்விடலாம் என்று தந்தை சொன்னார். மெக்கானிக்குக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் மறுநாள் கயிறுடன் வந்தார்.

சனிக்கிழமை அவர் எங்கள் காரின் நான்கு சக்கரங்களையும் பார்த்தார், பிரேக் எண்ணெயைப் பார்த்தார். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல்லுப் போல இருக்கும், ஆனால் பிடிக்கும் என்றார். என்னை உள்ளே உட்காரவைத்து, மூன்று பேர் காரைத் தள்ள, பத்து முறை பிரேக்கை அமுக்கச் சொன்னார். பத்து முறையும் கார் நின்றது. கால் வலிக்கிறது என்றேன். "அப்ப சரியா அமுக்கறீங்கன்னு அர்த்தம்" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னவை: கயிற்றை பம்பரில் கட்டக்கூடாது, அதற்கென்று உள்ள கொக்கியில் மட்டும் கட்ட வேண்டும். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி தொங்க வேண்டும். பின் காரில் சாவி திருப்பியே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கியர் நியூட்ரலில், நான்கு இண்டிகேட்டரும் எரிய வேண்டும். வேகம் இருபதைத் தாண்டக்கூடாது. கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்வது பின்னால் இருப்பவர் வேலை. இறக்கத்தில் இரண்டு காருக்கும் சேர்த்து அவர்தான் பிரேக் பிடிக்க வேண்டும். "பின்னாடி உக்கார்றவங்கதான் டிரைவர், முன்னாடி போறது வெறும் இன்ஜின். நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க பின்னாடி உக்காருங்க" என்றார்.

அதற்குத் தந்தை, "அப்ப பைலட் முன்னாடி. சின்னது சும்மா ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு வந்தா போதும்" என்றார். மெக்கானிக் எல்லாவற்றையும் என்னிடம் மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். அக்கா முன் காரை ஓட்டினாள், தந்தை அவள் பக்கத்தில் இருந்தார். கயிறு நான்கு மீட்டர். அவர்கள் இருவரின் தலைகளும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. வீட்டிலிருந்து ரயில் மேம்பாலம் வரை மூன்று கிலோமீட்டர். இரண்டு திருப்பங்களிலும் ஒரு வேகத்தடையிலும் கயிறு ஒரு முறைகூடத் தரையில் படவில்லை. இதைக் குறித்துக்கொள்ளும்படி கேட்டேன்.

பாலத்தின் உச்சியில் தந்தை சீட் பெல்ட்டைக் கழற்றி, பின் இருக்கையில் இருந்த பையை எடுக்கத் திரும்பினார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் கயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு பெல்ட் போடவில்லை. ஆரஞ்சு உரித்து அக்காவுக்கு ஒவ்வொரு சுளையாக ஊட்டினார். கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுத்தார். நாலாவது சுளைக்கு அக்கா ஏதோ சொன்னாள். தந்தையின் தோள்கள் குலுங்கின. என் காரில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, கண்ணாடியில்கூட.

அப்போது இறக்கம் தொடங்கியிருந்தது. என் கால் பிரேக்கின் மேல் இருந்தது, கயிறு விறைப்பாக இருந்தது. ஆறாவது சுளையின்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். கயிறு தொய்ந்து சிவப்புத் துணி தரையில் இழுபட்டது. பாலத்தின் கீழே சிக்னல் சிவப்பானதையும், அக்கா காரின் பின் விளக்குகள் எரிந்ததையும் பார்த்தேன். ஒரு சிறிய இடி மட்டும் கொடுக்க நினைத்தேன், பின்னால் ஓர் ஆள் வருகிறாள் என்று தெரியும் அளவுக்கு. அதன் பிறகு இரண்டு காலாலும் அமுக்கினேன். பிரேக் பிடித்தது. முன் சக்கரங்கள் சாலையில் ஆறடி நீளத்துக்குக் கறுப்புக் கோடு போட்டன. பிரேக் இல்லாத வண்டி அப்படிக் கோடு போடாது. கோடு இன்னும் அங்கே இருக்கிறது, வரும் வழியில் பார்த்தேன். நான் அமுக்கியது தாமதம்.

மோதியதில் முன் கார் எகிறிப் போய், அக்காவின் பிரேக்கில் சட்டென்று நின்றது; தந்தையின் நெற்றி டாஷ்போர்டில் பட்டது, காறை எலும்பு முறிந்தது. அக்கா இறங்கி முதலில் என்னிடம்தான் ஓடிவந்து, "உனக்கொண்ணும் ஆகலயேடி?" என்று கேட்டாள். கடைசிச் சுளை அவள் கன்னத்தில் ஒதுங்கியிருந்தது.

மருத்துவமனையில் வாக்குமூலம் வாங்க வந்த காவலரிடம் தந்தை, பிரேக் பிடிக்கவில்லை, மெக்கானிக் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டார் என்று சொன்னார். அப்போது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். "சின்னதுக்கு என்ன தெரியும், பாவம். பிரேக்கே இல்லன்னா அது என்ன பண்ணும்" என்றார். அக்கா என் முதுகைத் தடவினாள்.

நேற்று மதியம் மெக்கானிக்கை இந்த நிலையத்துக்கு அழைத்து வந்ததாகவும், பட்டறை பூட்டியிருப்பதாகவும், வழக்குப் பதிவானால் அவர் பட்டறை உரிமம் போய்விடும் என்றும் கேள்விப்பட்டேன். இரவு நான் தூங்கவில்லை. அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. அவர் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். தெரிந்தபடி மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். தெரிந்தேதான் காலை எடுத்தேன். தந்தைக்கு எலும்பு முறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் பெல்ட் போடாதது எனக்குத் தெரிந்திருந்தது.

கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளட்டுமா, உங்களுக்கு நல்லது என்று ஆய்வாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த நேரத்தில் நான் எதையும் பார்க்கத் தவறவில்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "கால் நழுவி" என்று எழுதப்பட்டிருந்தது. அதை அடித்து, "காலை எடுத்தேன்" என்று திருத்தி, பக்கத்தில் என் சுருக்கொப்பம் இட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. இதை என் தந்தைக்கு வாசித்துக் காட்ட நேர்ந்தால் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)