துணை செல்களுக்குப் பொன்னாடை

மேடையிலிருக்கும் பெரியோர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே, வணக்கம்.

"டோபமைனைத் தயாரிக்கிறது யாரு, சார்?" என்று நம் உயிரியல் ஆசிரியை ஆரிஃபா டீச்சர் ஒருமுறை என்னைக் கேட்டார். எனக்கு நடுக்குவாதம் வந்த புதிது. கை கால் சொன்னபடி அசைய மூளைக்கு டோபமைன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணக்கு வாத்தியார் விடுவேனா? "நரம்பு செல்" என்றேன்.

"பாதி மார்க்" என்றார்.

மீதியை விளக்கினார். மேடையில் பேசுகிறவருக்குத்தான் கைதட்டல். தண்ணீர் வைப்பவரும் மைக் போடுபவரும் குப்பை அள்ளுபவரும் இல்லாவிட்டால் அவர் எத்தனை நிமிடம் பேசுவார்? மூளையிலும் அப்படித்தான். நரம்பு செல்லுக்கு ஊட்டம் கொடுத்து, கழிவை அகற்றி, காவல் காப்பவை துணை செல்கள். அவை தளர்ந்தால் நரம்பு செல்லும் தளரும், டோபமைனும் குறையும்.

"உங்க வீட்டுல துணை செல் யாரு, சார்?" என்றார். என் மனைவி ரஞ்சனி மாத்திரை டப்பாவோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

ஸ்ரீரங்கத்தில் நடுக்குவாதக்காரர்கள் கூடும் நம் புதன்கிழமைச் சங்கம் அன்றே தீர்மானம் போட்டது: ஆண்டு விழாவில் நம்மைக் கவனித்துக்கொள்பவர்களுக்கே பொன்னாடை. அத்தனை பேரையும் மேடையேற்றினோம். அப்புறம்தான் தெரிந்தது, டீ கொடுக்கக் கீழே ஒருவரும் இல்லை! கை நடுங்குகிற பதினோரு பேர் டீ கொடுத்தோம். ஸ்தனிஸ்லாஸ் கொண்டுவந்த தட்டில் டம்ளர்கள் தாளம் போட்டன. மேடைக்கு வந்து சேர்ந்தது அரை டம்ளர். மீதியைப் பொன்னாடைகள் குடித்தன.

ரஞ்சனி உதவ எழுந்தாள். டீச்சர் விடவில்லை. "உட்காருங்கம்மா. சிந்தட்டும். ஒரு நாளைக்கு அவங்க கொடுக்கட்டும்."

ரஞ்சனி அந்த அரை டம்ளரைக் குடித்து அழுதாள். சர்க்கரை குறைவோ என்று நினைத்தேன்.

அந்தப் பதினோரு பேருக்கும் துணை செல் யார்? ஆரிஃபா டீச்சர்தான். தினமும் காலை ஆறரைக்கு ஆளுக்கொரு போன். நடந்தாயிற்றா என்பார். நடக்காமலே "ஆயிற்று" என்பேன். "மூச்சே வாங்கலையே, சார்?" என்பார். அதன்பிறகு போனை எடுக்கும் முன் நாற்பது முறை உட்கார்ந்து எழுந்தேன். ஏமாற்றுவதாகத்தான் நினைத்தேன்; முழங்கால் தேறிவிட்டது!

டீச்சர் நம்மை விட்டுப் போய் ஒன்பது நாள். போன் வரவில்லை. போன புதன்கிழமை சங்கத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். வராத ஏழு பேரில் நானும் ஒருவன். இப்படியே போனால் அடுத்த மாதம் சங்கம் இருக்குமா? டீச்சர் படத்துக்கு மாலை போட்டால் மட்டும் சங்கம் நடந்துவிடுமா? அவர் செய்த வேலையை இனி நாம் பங்கு போட்டுக்கொள்வோம்.

உங்கள் வலப்பக்கம் இருப்பவரின் நம்பரை இப்போதே வாங்குங்கள். நாளைக் காலை ஆறரைக்கு அவரைக் கூப்பிட்டு, நடந்தாரா என்று கேளுங்கள்.