கதவில்லாத வீடு

வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். ஒருமுறை மூன்றாவது இழுப்பில் கொண்டியே கையோடு வந்துவிட்டது. அந்தக் கவனத்துக்காகத்தான் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன், சார்.

எங்கள் செயலி தனியாக வசிக்கும் முதியவர்களுக்கானது. பார்க்கத்தான் செயலி, உள்ளே ஓடுவது சாதாரண வலைப்பக்கம். மேலே கல்யாணச் சட்டை, உள்ளே ஓட்டை பனியன். வழி காட்டவோ ஆம்புலன்ஸை அழைக்கவோ அதற்குத் தானாகத் தெரியாது. கைப்பேசியில் இருக்கும் வேறு செயலியைத்தான் திறக்க வேண்டும். எதையெல்லாம் திறக்கலாம் என்று ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. எனக்கு முன்னால் இருந்தவர் அதில் ஒரே ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருந்தார். எதை வேண்டுமானாலும் திறக்கலாம் என்று அர்த்தம். ஒரு நாள் ஏதோ விளம்பரம் அந்த வழியாகப் புகுந்து, மேலாளருடைய மாமியாரின் கைப்பேசியில் சீட்டாட்டச் செயலியைத் திறந்துவிட்டது. மாமியார் ஜெயித்தும்விட்டார். ஆனாலும் முன்னவருக்கு வேலை போனது.

நான் வந்ததும் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு ஏழு செயலிகளை மட்டும் எழுதினேன். மேலாளர் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, எந்தக் குழுவின் பட்டியலில் எத்தனை என்று வாராவாரம் குறித்தார். குறைவாக வைத்திருப்பவருக்கு ஜன்னலோர இருக்கை. ஏழு நான்காயிற்று, நான்கு ஒன்றாயிற்று. மிஞ்சியது தொலைபேசி. பக்கத்துக் குழுவிலும் ஒன்றுதான். ஆளுக்கு ஒன்று என்றால் இருக்கை யாருக்கு? அதையும் எடுத்துவிட்டேன்.

செயலியைச் சோதித்துப் பார்க்கும் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"ஏன் தம்பி, சிவப்பு பட்டனை அழுத்தினா ஆம்புலன்ஸுக்கு போன் போகணும். ஒண்ணுமே ஆகலையே?"

"போனும் வெளிச் செயலிதானேக்கா. ரிஸ்க்கு."

"அப்ப கதவே இல்லாம வீடு கட்டு. திருடன் வரவே மாட்டான்."

அந்த வாக்கியம் பிடித்துப்போய்ப் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தேன். மேலாளரும் ரசித்தார்.

அக்கா மூன்று முறை குறை பதிவு செய்தார். மூன்றையும் 'விதிப்படி இயங்குகிறது' என்று எழுதி மூடினேன். ஒன்றுமே ஆகவில்லை என்று சொன்னாரே, அதில் மட்டும் நியாயம் இருந்தது. வயதானவர்கள் அழுத்திவிட்டுப் பதறக் கூடாதல்லவா? அதனால் அழுத்தியதும், 'கவலை வேண்டாம், நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்று பச்சை நிறத்தில் வரும்படி செய்தேன். எழுத்தைப் பெரிதாகவே வைத்தேன். கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை, இருக்கை அறிவிக்கப் போகிற நேரம். அக்கா அதே குறையைச் சொல்ல மேலாளர் அறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"அக்கா, போனைத் திரும்பச் சேர்த்துட்டேன்."

"நெஜமாவா?"

"உங்ககிட்ட பொய் சொல்வேனா?"

"நல்லாயிருப்படா. அப்ப அப்பா போன்ல நம்ம ஆப்பையே போட்டுட்டு ஊருக்குக் கிளம்பறேன். ரெண்டு நாள் மனுஷன் தனியா இருக்கணும்."

சோதிப்பதே தொழிலாக உள்ளவர், என் வார்த்தையை மட்டும் சோதிக்கவில்லை. குறை யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் பலகையில் பூஜ்யம் எழுதிவிட்டார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். திங்கட்கிழமை கட்டாயம் சேர்த்திருப்பேன்.

அக்காவின் அப்பா சனிக்கிழமை காலையே விழுந்துவிட்டார். சமையலறையில். வலது கை வராததால் இடது கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். இரண்டு மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத்தான் உள்ளே போனாராம். உயிர் இருக்கிறது, பேச்சு திரும்பாது என்கிறார்கள். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபத்தில் இருக்கும்போது தொழில்நுட்ப விஷயம் தலையில் ஏறாது, எனக்குப் புரிகிறது.

விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் நிதானமானவர், சார். பதிவேட்டைப் பாருங்கள். பதினேழு முறை அழுத்தியிருக்கிறார், பதினேழு முறையும் அந்தப் பச்சை எழுத்தைப் படித்திருக்கிறார். ஒரு முறைகூட எங்கள் செயலி அனுமதியில்லாத எதையும் திறக்கவில்லை.