உள்பக்கக் கைப்பிடி

மழைக்காலத்தில் மரக்கதவு கொஞ்சம் உப்பத்தான் செய்யும், ஐயா. அதற்குப் பூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. என் தங்கையின் அறைக்கதவிலும் அதுதான் நடந்தது. பூட்டின் நாக்கு, கதவு நிலையிலுள்ள துளையில் நேராக விழாமல் உரசியது. தோளால் ஒரு முட்டு முட்டினால்தான் திறக்கும்.

"அண்ணா, என்னைக்காவது உள்ளயே மாட்டிக்கப் போறேன். யாரையாவது கூப்பிட்டுச் சரி பண்ணு," என்பாள்.

அடுத்தவர் எதற்கு? அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் நான்தான். கோணல்மாணலாக இருக்கும், அப்படியே போவாள்.

கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் சொன்னபோது நான் கோபப்படவில்லை. நல்ல மனிதர். எனக்கே மூக்குக்கண்ணாடி மாற்றிக் கொடுத்தவர். ஆனால் கடையை வேறு ஊருக்கு மாற்றுகிறாராம், இவளும் கூடவே போகிறாளாம். எல்லாம் முடிவான பிறகு என் காதில் போட்டார்கள்.

அவள் கிளம்புகிற அன்று பூட்டில் கை வைத்தேன்.

"போற அன்னைக்குத்தான் உனக்கு நேரம் கிடைச்சுதா?" என்று சிரித்தாள்.

துளையை அரத்தால் ராவி, எண்ணெய் விட்டேன். கதவு வழுக்கிக்கொண்டு மூடியது. உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன். இனி வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அவளிடம் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பெட்டிகளையும் கைப்பையையும் கூடத்தில் வைத்துவிட்டு உடை மாற்ற உள்ளே போனாள்.

"அண்ணா, கைப்பிடி சும்மா சுத்துது. வெளிய இருந்து திற."

"இரு, பாக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். சிறுவயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு, பதறினால் அதிகமாகும். மூச்சு மருந்து பம்பு அந்தப் பையில்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும்.

மனதில் இருந்ததையெல்லாம் சொன்னேன். முதலில் கேலி செய்தாள். பிறகு திட்டினாள், கதவைத் தட்டினாள். பிறகு தட்டவில்லை.

"பம்பு... பையில இருக்கு. குடு."

"போகலைன்னு சொல்லு, திறக்கறேன்."

"போகல."

மூச்சுக்குத் திணறிக்கொண்டே சொன்னாள். திறந்த பிறகு பேச்சை மாற்றமாட்டாள் என்பதற்கு என்ன நிச்சயம்? மனதாரச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். "போகல அண்ணா," என்று மறுபடியும் கேட்டது. இந்த முறை குரல் கதவின் அடியிலிருந்து வந்தது.

அதன் பிறகு வாசல் மணி அடித்தது. கண்ணாடிக் கடைக்காரர் குடையோடு நின்றார்.

"அவ மனசு மாறிடுச்சு. தலைவலின்னு படுத்திருக்கா. நாளைக்கு வாங்களேன்," என்றேன்.

மரியாதை தெரிந்தவர். உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போனார். மனம் கேட்காமல், பிறகு அவர்தான் ஸ்டேஷனுக்குப் போய் உங்களை அழைத்து வந்திருக்கிறார்.

அவர் போனதும் திறந்தேன். பூட்டுக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. அவள் குறுக்கே கிடந்ததால் கதவுதான் முழுதாகத் திறக்கவில்லை.

திருகாணியைக் கழற்றியது நான். பம்பைக் கொடுக்காமல் மடியில் வைத்திருந்ததும் நான். எதையும் மறுக்கவில்லை. நான் அவளைக் கட்டாயப்படுத்தியதாக அவர் சொல்வதை மட்டும் எழுதாதீர்கள், ஐயா. போகவில்லை என்று அவள் தன் வாயால்தான் சொன்னாள்.